பத்து எடுத்தால் ஒன்று இலவசம்: இதை மென்பொருளில் எப்படி ஏற்றுவது?

மார்த்தாண்டம் பக்கம் சோப்பு, சலவைத்தூள், பிஸ்கட் ஆகியவற்றை மொத்தமாக விநியோகித்துக்கொண்டு, முன்பக்கத்தில் சில்லறைக் கவுண்டரும் நடத்தும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. டாலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து ஈஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளுக்கு மாறியிருக்கிறார். பத்து எடுத்தால் ஒன்று இலவசம் என்ற திட்டத்தை அதில் ஏற்றிவிட்டார். ஆனால் இருபத்தைந்து எடுத்த கடைக்காரருக்கும் பில்லில் ஒன்றுதான் இலவசமாக விழுகிறது. மீதியைப் பையன்கள் கையால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். குடோனில் எண்ணிப் பார்த்தால் கணினி காட்டும் இருப்பைவிடச் சரக்கு குறைவாக இருக்கிறது. இலவசமாகக் கொடுத்ததற்கும் ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்த, வேண்டவே வேண்டாம் என்று இன்னொருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும் என்று அவர் கேட்பதுபோல் தோன்றினாலும், பில், குடோன் இருப்பு, வரிக்கணக்கு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக என்ன செய்ய வேண்டும் என்பதே அவருடைய உண்மையான கேள்வி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் வணிகவியல் படித்தவன். நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைகளுக்கும் விநியோகஸ்தர்களுக்கும் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பட்டயக் கணக்காளர் அல்ல. ஆகவே மென்பொருளையும் சரக்கு இருப்பையும் பற்றி இங்கே எழுதுவதை அனுபவத்தின் பேரில் உறுதியாகச் சொல்கிறேன். வரியைப் பொறுத்தவரை, சட்டத்திலும் சுற்றறிக்கையிலும் தெளிவாக இருப்பதை அப்படியே சொல்லி, இரண்டு கருத்துக்கு இடமுள்ள இடத்தை அவ்வாறே குறித்துவிடுகிறேன்.

முதலில் இருபத்தைந்துக்கு ஒன்று மட்டும் விழுவதைப் பார்ப்போம். ஈஆர்பிநெக்ஸ்டில் இதற்கான இடம் 'பிரைசிங் ரூல்'. பல படிநிலைகள் உள்ள திட்டமாக இருந்தால் 'புரமோஷனல் ஸ்கீம்' என்ற ஆவணத்தை நிரப்பினால், தேவையான பிரைசிங் ரூல்களை அதுவே உருவாக்கிக்கொள்ளும். அதில் தள்ளுபடியின் வகையை 'பிராடக்ட்' என்று வைத்து, குறைந்தபட்ச அளவு பத்து, இலவச அளவு ஒன்று என்று கொடுத்திருப்பீர்கள். மென்பொருள் அதை உள்ளபடியே புரிந்துகொண்டிருக்கிறது: பத்தோ அதற்கு மேலோ எடுத்தால் ஒன்று கொடு. 'ஒவ்வொரு பத்துக்கும்' என்று நீங்கள் அதற்குச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு 'இஸ் ரிகர்சிவ்' என்ற கட்டத்தைக் குறித்து, அதன் கீழே வரும் 'ரிகர்ஸ் எவ்ரி' என்ற இடத்தில் பத்து என்று கொடுக்க வேண்டும். அத்துடன் நின்றுவிடாதீர்கள். 'ரவுண்ட் ஃப்ரீ க்வான்டிட்டி' என்ற இன்னொரு கட்டம் இருக்கிறது. அதைக் குறிக்காவிட்டால் நான் பார்த்த பதிப்புகளில் மென்பொருள் நேர்விகிதத்தில் கணக்கிட்டு, இருபத்தைந்துக்கு இரண்டரை சோப்பு இலவசம் என்று போட்டுவிடும். சோப்பின் அளவு அலகு முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே கட்டியிருந்தால், பில் சேமிக்கும்போது பிழைச் செய்தி வரும். கட்டாமல் இருந்தால் அந்த அரை சோப்பு சத்தமில்லாமல் இருப்பிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். ஓடூ மென்பொருளில் இதே வேலை வேறு வழியில் நடக்கிறது. அங்கே வாங்கும் ஒவ்வொரு அலகுக்கும் ஒரு புள்ளி சேர்ந்து, இத்தனை புள்ளிக்கு ஒரு இலவசப் பொருள் என்று கழிக்கப்படுவதால், மடங்கு என்ற கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது.

கட்டங்களைக் குறிப்பதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எந்த மென்பொருளாக இருந்தாலும் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கடை கடையாகச் சரக்கு போடும் லைன் வண்டி, கருங்கல் ஊரில் ஒரு கடை முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் உள்ளே இருந்தபடியே, "இருவத்திரண்டு போடுங்க, பத்துக்கு ஒண்ணு உண்டுல்லா?" என்கிறார். அவர் கேட்பது இருபது விலைக்கும் இரண்டு இலவசமுமாக மொத்தம் இருபத்திரண்டா, அல்லது விலைக்கு இருபத்திரண்டும் அதன்மேல் இலவசமாக இரண்டும் சேர்த்து இருபத்துநான்கா? வாய்ப்பேச்சில் இரண்டுக்கும் இடமிருக்கிறது; விற்பனையாளரும் கடைக்காரரும் முகம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். மென்பொருளால் அது முடியாது. சில மென்பொருள்கள் பில்லில் ஏறிய மொத்த எண்ணிக்கைக்குள் இலவசத்தைத் தேடுகின்றன. சில, விலைக்கு உள்ளதை மட்டும் எண்ணி, இலவசத்தைத் தனி வரியாகச் சேர்க்கின்றன. ஈஆர்பிநெக்ஸ்ட் இரண்டாவது வகை. எனவே ஆர்டர் எடுக்கும் பையனுக்கு, விலைக்கு எத்தனை என்பதை மட்டும் ஏற்று, இலவசத்தை மென்பொருளே போட்டுக்கொள்ளும் என்று ஒரே முறையைச் சொல்லிக் கொடுங்கள். பாதிப் பேர் ஒரு விதமாகவும் மீதிப் பேர் வேறு விதமாகவும் ஏற்றினால் எந்த அமைப்பும் உங்களைக் காப்பாற்றாது.

அடுத்தது அலகு. கம்பெனியின் திட்ட அறிக்கையில் 'ஒரு பெட்டிக்கு நான்கு' என்று இருக்கும். உங்கள் பில் பெட்டியிலும் போகும், எண்ணிக்கையிலும் போகும். ஈஆர்பிநெக்ஸ்டின் 'ரிகர்ஸ் எவ்ரி' என்ற எண், பில்லில் நீங்கள் பயன்படுத்தும் அலகின்படி எண்ணப்படுகிறது. அதன் பெயருக்குப் பக்கத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். நாற்பத்தெட்டு சோப்பு கொண்ட பெட்டியை ஒரு பெட்டி என்று பில் போட்டால் அது ஒன்று. நாற்பத்தெட்டு எண்ணம் என்று போட்டால் அது நாற்பத்தெட்டு. பத்துக்கு ஒன்று என்ற விதிக்கு முதல் பில்லில் எதுவும் கிடைக்காது, இரண்டாவதில் நான்கு கிடைக்கும். திட்டத்தில் உள்ள பொருள்களுக்காவது பில்லில் ஒரே அலகு என்று கட்டாயமாக்குவதுதான் எனக்குத் தெரிந்த பத்திரமான வழி.

பல மணங்களில் வரும் ஒரே சோப்பைக் கலந்து எடுத்தாலும் பத்துக்கு ஒன்று உண்டா என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். உண்டு என்றால் 'மிக்ஸ்ட் கண்டிஷன்ஸ்' என்ற கட்டம் தேவை. அதைக் குறிக்காவிட்டால் சந்தனம் ஆறு, ரோஜா நான்கு என்று எடுத்தவருக்கு ஒன்றுமே கிடைக்காது. ஆனால் புதிய பதிப்புகளில் இதையும் 'இஸ் ரிகர்சிவ்' கட்டத்தையும் ஒரே விதியில் சேர்த்துக் குறிக்க மென்பொருள் விடாது; அங்கே பத்துக்கு ஒன்று, இருபதுக்கு இரண்டு என்று படிநிலைகளாக ஏற்ற வேண்டும். அப்படிக் கலந்து எடுத்தால் எந்த மணம் இலவசமாகப் போகும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். விலை வேறுபடும் பொருள்களைக் கலந்தால், இருப்பதிலேயே விலை குறைந்ததுதான் இலவசம் என்று அறிவிப்பது கடைகளில் பொது வழக்கம். அறிவிக்காமல் விட்டால் வாடிக்கையாளர் விலை கூடியதைத்தான் நீட்டுவார்; அவரைக் குறை சொல்வதற்கில்லை.

இனி இருப்புக் குறைவுக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் காரணம் வெளிப்படையாகவே தெரிகிறது. பில்லில் ஒன்றும் கையில் இரண்டுமாகக் கொடுத்தால், பில்லில் ஏறாத ஒவ்வொரு சோப்பும் கணினியில் இன்னும் குடோனில்தான் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் இது இவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாதபடி இருக்கும், ஏனென்றால் கொள்முதல் பக்கத்திலும் இதற்கு எதிர்த்திசையில் ஒரு தவறு நடந்துகொண்டிருக்கும். கம்பெனி பில்லை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அளவு என்று ஒரு கட்டமும், அதன் பக்கத்தில் இலவசம் என்று இன்னொரு கட்டமும் இருக்கும். பில் ஏற்றும் பெண், தொகை ஒத்துப்போனால் போதும் என்று முதல் கட்டத்தை மட்டும் ஏற்றுவார். கம்பெனி தந்த இலவசம் குடோனுக்கு வந்திருக்கும், கணினிக்கு வந்திருக்காது. விற்பனையில் ஏறாத இலவசத்தால் கையிருப்பு குறையும். கொள்முதலில் ஏறாத இலவசத்தால் கையிருப்பு கூடும். இரண்டும் சேர்ந்து நடந்தால் ஒன்றையொன்று மறைத்து, சில மாதம் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஆகவே குறைவின் மொத்தத்தை மட்டும் பார்க்காமல், பொருள்வாரியாகக் கூடியது எது, குறைந்தது எது என்று பிரித்துப் பாருங்கள்.

கொள்முதலில் இலவசத்தை எப்படி ஏற்றுவது என்பதில் என் பரிந்துரை இது. பத்து சோப்பை 88 ரூபாய் வீதம் வாங்கி, ஒன்று இலவசமாக வந்தால், நீங்கள் 880 ரூபாய்க்குப் பதினொன்று வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றின் அடக்கவிலை 80. பத்து 88 வீதமும் ஒன்று பூஜ்ஜியத்துக்கும் என்று இரண்டு வரியாகவும் ஏற்றலாம். சராசரி முறையில் இருப்பை மதிப்பிட்டால் முடிவில் அதே 80 வந்துவிடும். முதலில் வந்தது முதலில் போகும் முறையில் மதிப்பிட்டால் அப்படி வராது. பூஜ்ஜிய மதிப்புள்ள அந்த ஒன்று எந்த பில்லில் போகிறதோ அதில் மட்டும் லாபம் கொழிப்பதுபோலவும் மற்றவற்றில் இளைப்பதுபோலவும் அறிக்கை காட்டும். அதனால் ஒரே வரியில் பதினொன்று, மொத்தத் தொகை 880 என்று ஏற்றுவதையே நான் விரும்புகிறேன். சராசரி முறையில் இருப்பவர்களுக்கு இரண்டு வரியாக ஏற்றினாலும் தீங்கில்லை, கம்பெனி பில்லோடு ஒப்பிடவும் அது வசதி.

இந்த 80 ரூபாய்க் கணக்கை நான் விட்டுக்கொடுக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்துக்கு ஒன்று என்பதைப் பத்து சதவீதத் தள்ளுபடி என்று பலர் நினைக்கிறார்கள். அது பதினொன்றில் ஒன்று, அதாவது 9.09 சதவீதம். 88 ரூபாய்க்கு வாங்கி நூறு ரூபாய்க்கு விற்கும் அதே சோப்பைத் திட்டம் இல்லாமல் பத்து விற்றால் லாபம் 120 ரூபாய். கம்பெனியிடமிருந்து இலவசம் வாங்காமல், உங்கள் சொந்தச் சரக்கிலிருந்து பத்துக்கு ஒன்று கொடுத்தால், வரவு 1000, பதினொன்றின் அடக்கம் 968, மிச்சம் 32. கம்பெனி கொடுத்த திட்டத்தையே அப்படியே கடைக்காரருக்குக் கைமாற்றினால் வரவு 1000, அடக்கம் 880, லாபம் பழையபடி 120. திட்டம் உங்களுடையதா, கம்பெனியுடையதா என்பதைப் பொறுத்து லாபம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு மாறுகிறது. இது தெரியாமலேயே ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் எதிர்க்கடைக்காரர் கொடுக்கிறார் என்று நாமும் கொடுத்துவிட்டு, சீசனில் நல்ல ஓட்டம், கையில் காசில்லை என்று சொல்லும் கடைகள் நம் மாவட்டத்தில் குறைவில்லை. விதியை ஏற்றும்போதே 'கம்பெனித் திட்டம்', 'சொந்தத் திட்டம்' என்று பெயரிலேயே பிரித்து வையுங்கள். மாதக் கடைசியில் கம்பெனிக்கு கிளைம் அனுப்பும்போது, எந்தத் திட்டத்தில் எத்தனை இலவசம் போனது என்று எடுக்க வேண்டியிருக்கும். பில்லில் ஏறாத இலவசத்துக்குக் கம்பெனி பணம் தராது.

டாலியில் இதற்குள்ள வழியையும் சொல்லிவிடுகிறேன், பழைய கணக்கை ஒப்பிட உங்களுக்கு உதவும். டாலி பிரைமில் உண்மையான அளவு, பில்லுக்கான அளவு என்று இரண்டு கட்டங்களை இயக்கிக்கொள்ளலாம். முதலாவதில் பதினொன்று, இரண்டாவதில் பத்து என்று கொடுத்தால், இருப்பில் பதினொன்று கழிந்து பத்துக்கு மட்டும் தொகை விழும். வேறொரு பொருள் இலவசம் என்றால், விற்பனை வவுச்சர் வகையில் பூஜ்ஜிய மதிப்புப் பரிவர்த்தனையை அனுமதித்து, அதைத் தொகையில்லாத வரியாகப் போடலாம். இரண்டுமே நன்றாக வேலை செய்யும். ஆனால் எத்தனை இலவசம் என்று முடிவு செய்வது மென்பொருள் அல்ல, பில் போடும் ஆள். கூடுதல் நிரல் எழுதி வாங்கினால் ஒழிய டாலி தானாக எண்ணிச் சேர்க்காது. மொத்த வியாபாரத்தில், நம்பிக்கையான ஓர் ஆள் பில் போடும் இடத்தில், இந்த எளிமையே எனக்குப் பிடித்தது. நான்கு பேர் மாறி மாறிப் பில் போடும் சில்லறைக் கவுண்டருக்கு இது ஏற்றதல்ல.

கம்பெனியே மூன்று சோப்போடு ஒன்றை இலவசமாகச் சேர்த்து, மேலே தாள் சுற்றி அனுப்பும் கட்டுகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது திட்டம் அல்ல, தனிப் பொருள். அதற்குத் தனிப் பெயரும் தனி பார்கோடும் தனி எம்.ஆர்.பியும் கொடுத்துவிடுங்கள். கவுண்டரில் பையன் கட்டின் மேலுள்ள பார்கோடை விட்டுவிட்டு உள்ளே தெரியும் தனிச் சோப்பின் பார்கோடை ஸ்கேன் செய்துவிட்டால், கட்டு போனது கணக்கில் வராமல், ஒற்றைச் சோப்பு ஒன்று போனதாகப் பதிவாகிவிடும். கட்டைப் பிரித்து உதிரியாக விற்க வேண்டி வந்தால், ஈஆர்பிநெக்ஸ்டில் 'ரீபேக்' என்ற இருப்புப் பதிவின் மூலமும், டாலியில் 'ஸ்டாக் ஜர்னல்' மூலமும், ஒரு கட்டைக் கழித்து நான்கு உதிரியைச் சேர்த்துவிட்டுப் பிறகு விற்க வேண்டும்.

சில்லறையில் சரக்குத் திரும்பி வருவதைப் பற்றி யாரும் திட்டம் போடும்போது யோசிப்பதில்லை. நாற்பது ரூபாய் சோப்பு மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வைத்திருக்கிறீர்கள்; வாங்கியவர் மறுநாள் மூன்றைத் திருப்பித் தந்து 120 ரூபாயும் வாங்கிக்கொண்டு, நான்காவதை வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? இதைத் தடுக்க, இலவச வரி போடாமல் நான்கு எடுத்தால் 25 சதவீதத் தள்ளுபடி என்று விதி அமைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்போது ஒவ்வொன்றும் 30 ரூபாய்க்கு விற்றதாகிவிடும், திரும்பி வந்தால் 30 கொடுத்தால் போதும். ஆனால் ஒருவர் ஐந்து எடுத்தால் ஐந்துக்குமே 25 சதவீதம் விழுந்து, 160 வாங்க வேண்டிய இடத்தில் 150தான் வரும். நான்கின் மடங்காக மட்டுமே விற்கும் இடத்தில் தவிர, இந்த வழி சரிப்படாது. இலவச வரியையே வைத்துக்கொண்டு, திரும்பி வரும் சரக்கை மூல பில்லிலிருந்தே எடுத்துப் பதியச் செய்து, இலவசத்தையும் சேர்த்துத் தந்தால்தான் முழுப்பணம், இல்லையென்றால் இலவசத்தின் விலையைக் கழித்து மீதி என்று கவுண்டரில் எழுதி ஒட்டிவிடுவதே மேல் என்பது என் கருத்து. ஈஆர்பிநெக்ஸ்டில் மூல பில்லிலிருந்து திரும்பல் பதிவை உருவாக்கினால் இலவச வரியும் தானாகவே வந்து நிற்கும். அதை அழித்துவிடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வரிக்கு வருவோம். ஒரே பொருள், ஒரே பில், வாங்கியதற்கு நிபந்தனையாக இலவசம் என்ற உங்கள் நிலைமையில் பெரிய சந்தேகத்துக்கு இடமில்லை. 2019 மார்ச் 7 தேதியிட்ட 92/11/2019 எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை இதைப் பற்றியே பேசுகிறது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதில் இரண்டாவதை விலையில்லாத தனி விற்பனையாகப் பார்க்கத் தேவையில்லை, ஒன்றின் விலைக்கு இரண்டு விற்றதாகவே கொள்ள வேண்டும், அந்தச் சரக்குக்கு நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டி வரவு வைத்துக்கொண்ட ஜிஎஸ்டியை) அரசுக்குத் திருப்பவும் வேண்டாம் என்பது அதன் சாரம். ஆகவே வாங்கிய தொகைக்கு மட்டும் வரி. இதற்கு மாறாக, எதையும் வாங்கச் சொல்லாமல் சும்மா கொடுக்கும் மாதிரிப் பொருளுக்கும் அன்பளிப்புக்கும், ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி உள்ளீட்டு வரி கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவரும் இந்த இரண்டில் ஆளுக்கு ஒன்றை மனத்தில் வைத்துப் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்த வேறுபாட்டால்தான், இலவசத்தைப் பிறகு தனியாக, தொகையில்லாத வேறு பில்லில் கொடுப்பதை நான் எப்போதும் தடுக்கிறேன். அன்று சரக்கு இல்லை, அடுத்த லைனில் தருகிறேன் என்று சொல்லி மறுவாரம் கொடுத்தால், அந்தப் பூஜ்ஜிய பில் பார்ப்பவர் கண்ணுக்கு அன்பளிப்பாகத்தான் தெரியும். தவிர்க்க முடியாமல் போனால் மூல பில் எண்ணையாவது அதில் குறித்துவிடுங்கள்.

சந்தேகத்துக்கு இடமுள்ளது, ஒரு பொருளோடு வேறு வரிவிகிதம் உள்ள இன்னொரு பொருளை இலவசமாகக் கொடுக்கும்போதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டிக்கு 5 சதவீதம். சலவைத்தூள் 18 சதவீதத்திலேயே இருக்கிறது. சோப்பு ஆறு வாங்கினால் சலவைத்தூள் ஒரு பாக்கெட் இலவசம் என்றால், ஒரே விலைக்குக் கொடுக்கும் கலப்பு விற்பனை என்று கருதி, 8-ஆவது பிரிவின்படி இரண்டில் உயர்ந்த விகிதத்தை முழுத் தொகைக்கும் விதிக்க வேண்டும் என்பது ஒரு கருத்து. பில்லில் இரண்டுக்கும் தனித்தனி விலை காட்டி, தள்ளுபடியை இரண்டின் மேலும் பகிர்ந்துவிட்டால் அது ஒரே விலை ஆகாது, அதனதன் விகிதமே பொருந்தும் என்பது இன்னொரு கருத்து. விற்பனையின்போதே பில்லில் காட்டப்படும் தள்ளுபடி மதிப்பில் சேராது என்று 15(3) பிரிவு சொல்வது இரண்டாவது கருத்துக்குத் துணை நிற்கிறது. அந்த மேற்சொன்ன சுற்றறிக்கையோ, கலப்பு விற்பனையா, இயல்பாகவே சேர்ந்து போகும் பொருள்களின் கூட்டு விற்பனையா என்பதைப் பொறுத்து 8-ஆவது பிரிவின்படி முடிவு செய்யுங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இந்த இடத்தில் என் சொல்லைக் கேட்டு நடக்காமல் உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், விகிதம் வேறுபடும் பொருளை இலவசமாகக் கோக்காமல் இருந்துவிடுவதே நிம்மதி என்பேன்.

வருமான வரியிலும் ஒரு சிறு விஷயம் உண்டு. வியாபாரத்தில் கொடுக்கும் சலுகைகளுக்கு, ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்று 1961 சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவு 2022 ஜூலை 1 முதல் வந்தது. பத்து வாங்கினால் இரண்டு இலவசம் என்பது பத்தின் விலைக்குப் பன்னிரண்டு விற்பதே, அதற்கு இந்தப் பிடித்தம் வேண்டாம் என்று அதே ஆண்டு ஜூனில் வந்த 12-ஆம் எண் சுற்றறிக்கை விளக்கிவிட்டது. இலக்கை எட்டிய கடைக்காரருக்குத் தங்கக்காசு, டிவி, சுற்றுலா என்று கொடுப்பவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

வண்டியில் அனுப்பும் சரக்குக்கு இலவசம் பில்லில் இருப்பது இன்னும் முக்கியம். பில்லில் முப்பது பெட்டியும் வண்டியில் முப்பத்துமூன்று பெட்டியும் இருந்தால், வழியில் நிறுத்திப் பார்க்கும் அதிகாரிக்கு அந்த மூன்றும் கணக்கில் வராத சரக்கு. உங்கள் பகுதியில் களியக்காவிளை தாண்டினால் கேரளம். பாறசாலைக் கடைகளுக்கும் போடுகிறீர்கள் என்றால், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்தான் கேட்கப்படும் இ-வே பில் (சரக்கை வண்டியில் கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு), மாநிலம் தாண்டும்போது 50,000 ரூபாயைக் கடந்தாலே தேவை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டி மின்-விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) போடுபவராக இருந்தால், அதன் படிவத்திலேயே இலவச அளவுக்கென்று தனி இடம் இருக்கிறது. உங்கள் மென்பொருள் அதை நிரப்பி அனுப்புகிறதா என்று பாருங்கள்.

தேதியையும் ஒன்றின்மேல் ஒன்று விழும் சலுகைகளையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முடிவுத் தேதி இல்லாமல் எந்தத் திட்டத்தையும் ஏற்றாதீர்கள்; ஓணத் திட்டம் கிறிஸ்துமஸ் வரை ஓடுவதற்கு அதுவே காரணம். ஆர்டர் கடைசி நாளிலும் பில் மறுநாளும் ஆனால் இலவசம் உண்டா என்று கடைக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். ஒரு கடைக்கு ஏற்கெனவே ஐந்து சதவீதக் கழிவு இருந்து, அதன்மேல் பத்துக்கு ஒன்றும் வந்தால் இரண்டும் சேருமா, ஒன்றுதானா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஈஆர்பிநெக்ஸ்டில் அதற்கு முன்னுரிமை எண் இருக்கிறது, பெரிய எண் உள்ள விதியே வெல்லும். எண் கொடுக்காமல் ஒரே நிபந்தனையில் இரண்டு விதிகள் இருந்தால் அது பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும்.

அமைத்தபின், உண்மைக் கணக்கில் அல்லாமல் அதன் நகலில் சோதித்துப் பாருங்கள். ஒன்பது, பத்து, பதினொன்று, பத்தொன்பது, இருபது, இருபத்தைந்து என்று எல்லையோரத்து எண்களில் பில் போட்டு, இலவச வரியும் இருப்பும் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். பிறகு இருபத்தைந்து என்று போட்ட பில்லைச் சேமிப்பதற்கு முன் எட்டாகக் குறைத்து, ஏற்கெனவே விழுந்த இலவச வரி தானாக நீங்குகிறதா என்று பாருங்கள். பெட்டியில் ஒரு பில், மணம் கலந்து ஒரு பில், திரும்பல் ஒன்று, திட்டம் முடிந்த மறுநாள் தேதியில் ஒன்று. இவ்வளவையும் ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம். இலவச வரியைக் கையால் மாற்றும் உரிமையைப் பில் போடும் எல்லோருக்கும் கொடுக்காமல் உங்களிடமோ ஒருவரிடமோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இப்போது குறைந்து நிற்கும் சரக்கு. இலவசத்தைச் சேர்ப்பதற்காகப் பழைய பில்களைத் திறந்து திருத்த வேண்டாம். அவற்றின் அடிப்படையில் வரிக் கணக்கு தாக்கலாகியிருக்கும், கடைக்காரர்களிடமும் பில்லின் நகல் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோனை மூடிவைத்துத் திட்டத்தில் இருந்த பொருள்களை மட்டுமாவது எண்ணி, கொள்முதலில் விடுபட்ட இலவசத்தைக் கம்பெனி பில்களிலிருந்து தனியாக எழுதி, அதைச் சேர்த்தபின் உண்மையான குறைவு எவ்வளவு என்று பாருங்கள். பிறகு அன்றைய தேதியில் இருப்புச் சரிக்கட்டல் பதிவு ஒன்று போட்டு, எண்ணிய தாளில் எண்ணியவர் கையெழுத்தையும் வாங்கி அதனுடன் வைத்துவிடுங்கள். அந்தக் குறைவு முழுவதும் திட்டத்தில்தான் போனது என்று காட்ட முடியாத பகுதிக்கு, காணாமல்போன சரக்கு என்ற வகையில் உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டி வரும். எவ்வளவு என்பதைத் தாளோடு போய் ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். புதிய விதியை அந்தச் சரிக்கட்டலுக்கு மறுநாளிலிருந்து இயக்குங்கள், அதற்கு முன் வேண்டாம்.